தொடாமல் செல்லும் பணம்

கடையிலுள்ள கருவியருகே கைப்பேசியைக் காட்டியதும் 'பீப்' என்றோர் ஒலி. பணம் செலுத்தியாயிற்று! எப்படி?

கருவியிலுள்ள கம்பிச்சுருள், வினாடிக்கு 1,35,60,000 முறை ஊசலாடும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஏறக்குறைய 4 செ.மீ. தொலைவுக்குள் வரும் கைப்பேசியின் சுருள் அதை உணர்ந்து செய்தி பரிமாறுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை.

இடையில் எவரேனும் ஒட்டுக்கேட்டால்? 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்பிள் பே போன்ற முறைகளில், அட்டையின் உண்மையான எண் கடைக்குச் செல்வதில்லை. ஒரு பதிலி எண்ணும், ஒரே ஒரு முறை பயன்படும் இரகசியக் குறியீடும் மட்டுமே செல்கின்றன. திருடினாலும் அக்குறியீடு மறுமுறை செல்லாது.

ஆனால் மாணவர்களே, ரொக்கம் கொடுத்தால் கொடுத்தவர் பெயர் பதிவாவதில்லை. கைப்பேசியில் செலுத்தினாலோ எங்கே, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் வங்கிக் கணக்கில் பதிந்துவிடுகிறது. அதை யார் யார் பார்க்கலாம்? திருட்டைத் தடுக்க விஞ்ஞானம் வழி கண்டது. இக்கேள்விக்குச் சட்டம்தான் விடை தரவேண்டும்.