மறைந்திருக்கும் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் காலியம்

2018 மார்ச்சில் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக அறிவித்தார். ‘நியூரோ’ என்றாலே மூளைதான் என்று நினைக்க வேண்டாம் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் குடல், கணையம், நுரையீரல் ஆகிய இடங்களில்தான் வருகின்றன.

இவற்றில் பல மெதுவாக வளர்பவை. அதுதான் சிக்கலே. சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டி, சி.டி. ஸ்கேனில் சிக்காமலே கல்லீரல்வரை பரவியிருக்கும். முகம் திடீரென்று சிவந்து சூடாகும், அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். வேறு ஏதோ கோளாறு என்று மருந்து தின்றே வருடங்கள் போய்விடும். புற்றுநோய்க்கு வழக்கமாக எடுக்கும் பெட் ஸ்கேன் கதிரியக்கச் சர்க்கரையை நம்பியிருக்கிறது. மெதுவாக வளரும் கட்டிக்கோ சர்க்கரைப் பசி குறைவு.

ஆனால் அதற்கு வேறொரு பலவீனம் உண்டு. சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இந்தச் செல்களின் மேற்பரப்பில் நெருக்கமாக இருக்கும். 1973இல் கண்டறியப்பட்ட அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும் என்பதால், கூடுதல் நேரம் நிலைக்கும் ஆக்ட்ரியோடைடு என்ற நகலைச் செய்தார்கள். 1980களின் இறுதியில் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எரிக் கிரென்னிங் குழுவினர் அதனுடன் கதிரியக்க அயோடினை இணைத்துக் கட்டியைப் படமெடுத்தார்கள். பிறகு இண்டியம்-111 வந்தது. அதில் நோயாளி மறுநாளும் வந்து படுக்க வேண்டும். படமும் அவ்வளவு தெளிவாக இராது.

இன்று அந்த இடத்தில் காலியம்-68. இதன் அரை ஆயுள் வெறும் 68 நிமிடம். தொலைவிலிருந்து வரவழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சுமார் 271 நாள் அரை ஆயுள் கொண்ட ஜெர்மானியம்-68 அடைத்த ஜெனரேட்டரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியம் சிதைந்து உள்ளே காலியம் சேரும். அமிலத்தைச் செலுத்தி அதைப் பிரித்தெடுப்பார்கள். இந்தத் துறைக்காரர்களுக்கு ஜெனரேட்டர் ஒரு பசு, பிரித்தெடுப்பது பால் கறப்பது! சில மணி நேரத்தில் பசு மறுபடியும் கறவைக்குத் தயார்.

கறந்த காலியத்தை ஆக்ட்ரியோடைடு போன்ற நகலுடன் இணைத்து, கை நரம்பில் ஊசி போட்டு ஒரு மணி நேரம் போல உட்காரவைத்த பிறகு ஸ்கேன். காலியம் உமிழும் பாசிட்ரான், பக்கத்திலுள்ள எலக்ட்ரானுடன் மோதி இரண்டும் அழியும். எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பாயும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடிப்பதால் அவை கிளம்பிய இடத்தைக் கணினி கணக்கிட்டுவிடும்.

படத்தில் தெரிவதெல்லாம் கட்டியல்ல. மண்ணீரலும் சிறுநீரகங்களும் எவருக்கும் பளிச்சென்று தெரியும். கணையத்தின் ஒரு பகுதி நல்ல உடம்பிலேயே ஒளிர்ந்து மருத்துவரைக் குழப்புவதுண்டு. வேகமாகப் பெருகும் கட்டிகளில் ஏற்பிகள் குறைந்துபோயிருக்கலாம். அங்கே பழைய சர்க்கரை ஸ்கேனே கைகொடுக்கிறது.

சந்தேகத்துக்குரிய இடம் கல்லீரலைவிட அதிகம் ஒளிர்ந்தால், அடுத்த கட்டத்துக்கு வழி திறக்கிறது. அதே மருந்தில் காலியத்துக்குப் பதில் லுட்டீசியம்-177 ஏற்றினால், ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே பாயும் பீட்டா கதிர்கள் கட்டியைத் தாக்கும். அமெரிக்கா 2018இல் அனுமதித்த சிகிச்சை இது. இந்தியாவில் டிராம்பேயின் துருவா அணு உலையில் லுட்டீசியம் தயாராகிறது. பொதுவாக எட்டு வார இடைவெளியில் நான்கு தவணை. ஸ்கேனில் ஒளிர்ந்த அதே சிறுநீரகங்களில் மருந்து தேங்கிவிடாதிருக்க, கூடவே அமினோ அமிலக் கரைசலையும் ஏற்றுகிறார்கள்.