அடைக்கலம் தருவதும் ஈமானே

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டது. அடையாற்றங்கரை மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அந்நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல தம் கதவுகளைத் திறந்தன. வீடிழந்தோர் அங்கே உண்டனர், உறங்கினர். வந்தவர் எச்சமயத்தவர் என்று பாராது இடமளிக்கப்பட்டது. நீர் வடிந்தபின் நம் இளைஞர்கள் கோயில்களிலும் சேறகற்றித் தந்தனர்.

நாட்டார் இதனைப் போற்றினர். ஆயினும், வெள்ளம் வந்தால் மட்டும் திறக்கும் கதவா நம்முடையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈமான், அமானிதம், அமான் என்னும் சொற்கள் மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. அமான் என்பது அச்சமற்ற நிலை. அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றான ‘அல்முஃமின்’ என்பதற்கு அபயமளிப்பவன் என்று பொருள் கூறுவர். எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி வாழ இயலவில்லையோ, அவன் முஃமின் அல்லன் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆணையிட்டு உரைத்திருக்கிறார்கள்.

அடைக்கலம் அளிப்பது ஆட்சியாளர்க்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது, அபூதாலிபின் மகளார் உம்முஹானி (ரலி) அவர்கள் தம் கணவர் வழி உறவினர்க்குத் தம் இல்லத்தில் அபயமளித்தார்கள். அவர்களைத் தண்டிக்க வந்தவரோ உடன்பிறந்த சகோதரர் அலீ (ரலி) அவர்கள்! வழக்கு பெருமானாரிடம் சென்றது. அப்பெண்மணி அளித்த அபயம் நாம் அளித்த அபயமே என்று நபிகளார் தீர்ப்பளித்தார்கள். இல்லத்தரசி ஒருவரின் வாக்கை வெற்றி பெற்ற படை முழுவதும் மதித்தது.

அபயம் பெற்றதையும் பெருமானார் மறந்தார்களில்லை. தாயிபில் கல்லடி பட்டுத் திரும்பியபோது, அவர்களைத் தம் பொறுப்பில் மக்காவினுள் அழைத்து வந்தவர் இஸ்லாத்தை ஏற்காத முத்இம் இப்னு அதீ. அவர் மறைந்த பின்னர், பத்ருப் போரின் கைதிகளைக் கண்ட நபிகளார், முத்இம் உயிரோடிருந்து பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்றார்கள்.

சகோதரர்களே! அபயம் தேடுவோர் இன்றும் நம் நடுவே இருக்கின்றனர். பிழைப்புக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வந்தவர் மொழி தெரியாமல் தயங்கி நிற்கிறார். அவருக்கு ஸலாம் உரைத்துப் பக்கத்தில் இடங்கொடுப்பது அமான். பல்லாண்டுகள் தொழுகையை விட்டிருந்து, இன்று வெட்கத்தோடு பள்ளிவாசலுள் நுழைபவரை ஏளனமாய் நோக்காதிருப்பது அமான். பள்ளிவாசலினுள்ளேயே சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, அவர்களைத் தடுத்து, ஒரு வாளி நீரை ஊற்றச் செய்து, அம்மனிதர்க்கு மென்மையாய் எடுத்துரைத்த நபியின் உம்மத்தல்லவா நாம்?

ஒருவர் தம் துயரை நம்பி நம்மிடம் சொன்னால், அது அமானிதம். அதனை மறுநாளே தேநீர்க்கடையில் அவிழ்த்து விடுவோமாயின், அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக் கொடுத்தவராவோம். வீட்டிலும் அவ்வாறே. வாயிலில் நம் காலடியோசை கேட்டதும் மனைவி மக்கள் பேச்சடங்கி ஒடுங்குவாராயின், வெளியே நாம் உரைக்கும் ஸலாத்திற்கு என்ன பொருள்? ஸலாம் என்பதே, என்னால் உமக்குத் தீங்கில்லை என்னும் உறுதிமொழியன்றோ!

இன்று ஜும்ஆ முடிந்து வெளியேறுகையில், நம்மைக் கண்டு அஞ்சுவோர் எவரேனும் உளரா என்று ஒருமுறை நெஞ்சைக் கேட்போம். இருப்பின், மாலைக்குள் அவரைத் தேடிச் சென்று அவ்வச்சத்தைப் போக்குவோம். பிறர்க்கு அபயமளிப்போரை மறுமைப் பெருநாளின் அச்சத்திலிருந்து அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.