அறுபது அட்டைகளும் ஆறாயிரம் ரூபாவும்

மகாவலி கரைபுரண்டோடும் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். வெளியே சென்று விளையாட வழியில்லாத சிறுவர் நால்வர், கூடத்தில் இருவர் இருவராக அமர்ந்து, வண்ண அட்டைகளைப் பரப்பி ஆரவாரம் செய்துகொண்டிருந்தனர். ஒருவன் முகம் மட்டும் வாடியிருந்தது. அவன் என் மருமகன், பதின்மூன்று வயதினன். அன்று காலை ஐந்து ஆட்டங்கள் ஆடி, ஐந்திலும் தோற்றிருந்தான்.

“மாமா, என்னிடம் நல்ல அட்டைகள் இல்லை. தீபாவளிக்குக் கிடைத்த பணத்தோடு சேமிப்பும் சேர்த்து ஆறாயிரம் ரூபா இருக்கிறது. நான்கு பொட்டலங்கள் வாங்கினால் வென்றுவிடுவேன். அம்மாதான் மறுக்கிறார்” என்றான்.

“வெறும் அட்டைக்கு ஆறாயிரமா?” என்று தமக்கையார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தீர்ப்புக்கு முன் வழக்கை அறிய வேண்டுமன்றோ? அவனது கட்டைத் தரையில் பரப்பச் சொன்னேன்.

புதிய விளையாட்டு

நம் வீடுகளில் ஆடப்படும் 304 ஆட்டத்திலும் ஓமியிலும் ஒரே கட்டை அனைவரும் பகிர்ந்துகொள்வர். இப்புதிய விளையாட்டிலோ ஒவ்வொருவரும் தமக்குரிய கட்டைத் தாமே அமைத்துக் கொண்டுவர வேண்டும். இம்முறைக்கு வழிகாட்டியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கர். கணித அறிஞராகிய இவர் ஆக்கிய ‘மஜிக்’ என்னும் ஆட்டம் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் 1996இல் யப்பானில் போக்கிமொன் அட்டைகள் தோன்றின. 1999இல் ஆங்கிலப் பதிப்பும் வந்தது.

என் மருமகன் ஆடுவது போக்கிமொன். கட்டில் சரியாக 60 அட்டைகள் இருத்தல் வேண்டும். அடிப்படைச் சக்தி அட்டைகள் தவிர, ஒரே பெயருடைய அட்டை நான்கிற்கு மேல் இருத்தலாகாது. தொடக்கத்தில் ஏழு அட்டைகள் கைக்கு வரும். அவற்றுள் அடிப்படைநிலைப் போக்கிமொன் ஒன்றேனும் இல்லையெனில், மீண்டும் கலைத்து எடுக்க வேண்டும். எதிராளிக்கோ மேலதிகமாக ஓர் அட்டை எடுக்கும் உரிமை கிட்டும்.

பொட்டலத்தின் மயக்கம்

மூடிய பொட்டலம் ஒன்றில் பத்து ஆட்ட அட்டைகள் இருக்கும். அதன் விலை அமெரிக்காவில் நான்கைந்து டொலர். டொலருக்கு முந்நூறு ரூபா எனக் கணக்கிட்டாலும், கப்பற்கூலி நீங்கலாகவே 1,200 முதல் 1,500 ரூபா வரை ஆகிறது. 2022ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதை நம் இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

விலையைவிடப் பெரிய குறை மற்றொன்று. பொட்டலத்தினுள் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. நான்கு பொட்டலங்களில் நாற்பது அட்டைகள் கிடைக்கலாம். வேண்டிய அட்டை ஒன்றுகூட வராமலும் போகலாம். பிரிக்கும் கணத்தின் இன்பத்துக்காக ஒரு பொட்டலம் வாங்குவது குற்றமன்று. ஆயின், கட்டைச் சீர்செய்ய அதனை நம்புவது, வீடு கட்ட லொத்தர்ச் சீட்டு வாங்குவதை ஒக்கும்.

கணக்கு கூறும் உண்மை

மருமகனின் கட்டில் மூவகைச் சக்தி அட்டைகள் இருபத்திரண்டு இருந்தன. அடிப்படைநிலைப் போக்கிமொன் எட்டே எட்டு. மற்றவை பெரும்பாலும் ஒவ்வொன்றில் ஒன்றாகவே இருந்தன. நடுவில் பொன்னெனப் பளபளக்கும் ஒரு பறவை நாகம். அவன் முதன்முதல் பெற்ற அரிய அட்டை அதுவே.

மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 60 அட்டைகளுள் ஒன்றே ஒன்றாக இருக்கும் அட்டை, முதல் ஏழில் வருவதற்குரிய வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. அதே அட்டை இரண்டு இருப்பின் இருபத்திரண்டு. நான்கு இருப்பின் நாற்பது. இனி, அடிப்படைநிலைப் போக்கிமொன் எட்டே இருந்தால், முதற்கையில் ஒன்றும் வாராமற்போகும் ஆபத்து நூற்றுக்கு முப்பத்தைந்து. பன்னிரண்டு ஆக்கினால் அது பத்தொன்பதாகக் குறையும்.

சிறுவன் வாய்விட்டுச் சிரித்தான். “அப்படியானால் நான் ஆட்டம் தொடங்குமுன்பே தோற்றுக்கொண்டிருந்தேனா, மாமா?” என்றான்.

செலவின்றிச் செய்யத்தக்கவை

முதலாவது, மூவகைச் சக்தியை ஒருவகையாக்கி, எண்ணிக்கையைப் பதினான்காகக் குறைத்தோம். ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டையே இணைக்கலாம் என்பது விதி. கை நிறையச் சக்தியிருந்து பயனென்ன?

இரண்டாவது, தாக்கும் போக்கிமொன் வகைகளை இரண்டு மூன்றாகச் சுருக்கினோம். இரண்டு படிகள் வளர்ந்த பின்னரே களம் காணும் போக்கிமொனுக்கு மூவகை அட்டைகளும் உரிய வேளையில் வர வேண்டும். தொடக்கநிலையினர்க்கு அடிப்படைநிலையும், ஒரு படி வளர்வதும் ஏற்றவை.

மூன்றாவது, புதிய அட்டைகளை எடுக்கவும், கட்டினுள் தேடவும் உதவும் பயிற்சியாளர் அட்டைகளைப் பெருக்கத் தீர்மானித்தோம். வெற்றியின் உயிர்நாடி இவையே. இவற்றிற் பல சாதாரண அட்டைகள், நண்பரிடம் மிகுதியாக இருப்பவை, பண்டமாற்றாகப் பெறத்தக்கவை.

வாங்குமுன் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. உறையிலிட்ட பழைய அட்டையின் முன்னால், வேண்டிய அட்டையின் விவரத்தை எழுதிய தாளைச் செருகி, வீட்டில் பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். போட்டிகளில் இதற்கு இடமில்லை. நண்பர் இசைந்தால் வீட்டில் தடையில்லை.

பொன் நாகத்தைக் கட்டிலிருந்து நீக்க வேண்டுமென்றபோதுதான் பையனின் கண் கலங்கியது. அது இரண்டு படி வளர வேண்டிய அட்டை. அப்பொழுது சாய்வு நாற்காலியிலிருந்த என் தாயார் பேசினார்: “அப்பு, 304இலே ராஜாவுக்கு மூன்று புள்ளி, ஜாக்குக்கு முப்பது. முடியைப் பார்த்து மதிப்புப் போடாதே. ஆட்டத்தைப் பார்த்துப் போடு.”

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அந்த அட்டையைத் தன் கொப்பியின் நடுவில் வைத்து மூடினான். அதனை மாற்றிவிடு என்று நான் சொல்லவில்லை. அரிய அட்டையின் சந்தை விலையை அறியாமல் அவசரத்தில் மாற்றிக்கொள்வது பேதைமையாகும்.

ஆறாயிரத்தின் கதி

இறுதியில், பொட்டலங்களுக்குப் பதிலாக, அவனிடம் முன்பேயிருந்த அதே தொடக்கக் கட்டில் இன்னொன்றை நாலாயிரம் ரூபாவுக்குள் வாங்கினோம். ஒற்றையாயிருந்தவை இரட்டையாயின, இரட்டைகள் நான்காயின. எஞ்சிய இரண்டாயிரம் சேமிப்புக்கே திரும்பியது. தமக்கையாரும் மகிழ்ந்தார்.

வாங்குவோர் இரண்டினைக் கவனித்தல் நலம். போலி அட்டைகள் மலிவாக உலவுகின்றன. மங்கிய அச்சும், வெளிறிய பின்புற நீலமும், மெலிந்த தாளும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். போட்டிக்குச் செல்ல விரும்புவோர், அட்டையின் அடியிலுள்ள சிறிய ஆங்கில எழுத்தையும் நோக்குக. பழைய எழுத்துடையவை காலப்போக்கில் வழக்கமான போட்டிகளிலிருந்து விலக்கப்படுகின்றன. வீட்டு விளையாட்டுக்கு அக்கவலை வேண்டா.

ஒரு மாதம் கழித்து மீண்டும் கட்டுகஸ்தோட்டை சென்றேன். அன்று ஐந்து ஆட்டங்களில் மூன்றில் வென்றிருந்தான் மருமகன். ஆயினும் வாசலிலேயே என்னை மறித்து அவன் கூறியது வென்ற மூன்றைப் பற்றியன்று. “மாமா, தோற்ற இரண்டிலும் பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்!” என்று கொப்பியை நீட்டினான். பக்கமெல்லாம் கணக்கு, நடுவில் பொன் நாகம் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது.