அரசுக்கும் ஓர் எல்லை உண்டு

குடியாட்சி என்பது பெரும்பான்மையோரின் ஆட்சி என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மையே. பெரும்பான்மை பெற்ற அரசும் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று வரையறுக்கும் அரசியல் சட்டம் அதற்கு மேலே நிற்கிறது. எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் லைன் கிளியர் இன்றி ரயிலை விட இயலாதல்லவா? அது போன்றதே இதுவும். இதை நாட்டுக்கு உணர்த்திய வழக்குகளுள் ஒன்று நம் திருவனந்தபுரத்திலேயே தோன்றியது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கு இப்பால் நின்ற தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். மறு ஆண்டு இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை பதவியேற்றது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கல்வி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒழுங்கான ஊதியமும் வேலைப் பாதுகாப்பும் அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று, நல்ல நோக்கமே. ஆனால் பள்ளி நிருவாகத்தை அரசே மேற்கொள்ளவும் அது இடமளித்தது. 1957 செப்டம்பரில் சட்டசபை அதை நிறைவேற்றியது. கவர்னர் அதை ராஷ்டிரபதிக்கு அனுப்பிவைத்தார். ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார்.

1958 மே 22ஆம் நாள் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் கோர்ட்டின் கருத்தை வெளியிட்டார். மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினரான எவரும் தம் விருப்பப்படி கல்விக்கூடங்களை நிறுவி நடத்த 30ஆம் ஷரத்து உரிமை தந்திருக்கிறது. உதவித்தொகைக்கோ அங்கீகாரத்துக்கோ விலையாக அவ்வுரிமையைக் கைவிடுமாறு அரசு கேட்கலாகாது என்பது அதன் சாரம். அதே சமயம், நடத்தும் உரிமை சீர்கெட நடத்தும் உரிமையன்று என்று கூறி, ஆசிரியர் நலம் காக்கும் விதிகளைக் கோர்ட்டு ஏற்றது.

நமக்கு முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு. சிறுபான்மை எது என்பதை வட்டாரத்தைக் கொண்டு கணிக்க வேண்டும் என்று மாநில அரசு வாதிட்டது. இம்மசோதா மாநிலம் முழுவதற்கும் உரியது. ஆகவே மாநில மக்கள்தொகை முழுவதையும் கொண்டே கணிக்க வேண்டும் என்றது கோர்ட்டு. தேவிகுளம் போலத் தமிழர் திரளாக வாழும் இடத்திலும் இப்பாதுகாப்பு உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

திருத்திய மசோதா 1959இல் சட்டமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் மத்திய அரசு, 356ஆம் ஷரத்தின்படி அந்த அமைச்சரவையையே நீக்கியது. இத்தகைய ஆணையும் கோர்ட்டின் ஆய்வுக்கு உட்பட்டதே, பெரும்பான்மையைச் சட்டசபையிலேயே சோதிக்க வேண்டும் என்று 1994இல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எல்லை திருவனந்தபுரத்துக்கு மட்டுமன்று, டில்லிக்கும் உண்டு.

தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது 350-ஏ ஷரத்து. ஆனால் படிக்க வரும் பிள்ளைகள் இல்லாத வகுப்பை எந்த ஷரத்தும் காக்காது. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, தமிழ் வேண்டும் என்று பெற்றோர் ஒன்றுகூடி எழுத்தில் விண்ணப்பிப்போமாக.