உருளை நிறைய வேண்டாம்

நேரடி நெல் விதைப்புக்கு டிரம் சீடர் இழுக்கிறீர்களா? அந்தக் கருவியின் உருளையில் விதையை வாய் வரைக்கும் நிரப்பினால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதானே தோன்றும்? ஆனால் அப்படி நிரப்பினால் விதை ஒழுங்காக விழாது!

சக்கரத்தோடு சேர்ந்து உருளையும் சுழல்கிறது அல்லவா? உள்ளே விதை புரள இடம் இருந்தால்தான் துளை வழியாகச் சீராக உதிரும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும். குறையக் குறைய மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, உருளையில் போடும் முளைகட்டிய விதையின் முளை அளவு. வெள்ளை முளை லேசாக எட்டிப் பார்க்கும்போதே விதைத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் முளை நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, துளையை அடைத்துவிடும். இழுத்துக்கொண்டே போவோம், பின்னால் விதையே விழுந்திருக்காது! சில நாள் கழித்து வரிசையில் திட்டுத் திட்டாக இடைவெளி தெரியும்போதுதான் மனசு பதறும். ஆகவே இழுக்கும்போதே அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

வயலைச் சமன் செய்து, தேங்கிய தண்ணீரை வடித்த பிறகே கருவியை இறக்குங்கள். விதைத்த கையோடு கனமழை பெய்தால் வரிசை கலைந்துபோகும். வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு விதையை ஊறப்போடுங்கள். வரிசை நேராக அமைந்துவிட்டால் களை எடுக்கக் கோனோவீடர் தாராளமாக உள்ளே போகும், நாற்றங்கால் செலவும் நடவுக் கூலியும் மிச்சம்!