இராயக்கோட்டை: எல்லைக் காவலில் வளர்ந்த ஊர்



பெங்களூரின் தென்கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழில் நகரில் வேலை பார்க்கும் தமிழர் பலருக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் கால் தரையில் பாவுவதில்லை. தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேம்பாலத்தின் அடியில் நின்று, ஓசூர்ப் பக்கம் போகும் பேருந்தை எதிர்பார்ப்பார்கள். சந்தாபுரம் கடந்து, அத்திப்பள்ளி கடந்து, ஜூஜுவாடியில் தமிழ்நாட்டு எல்லை வந்ததும், ஊருக்குப் பாதி வழி வந்துவிட்டதைப் போன்ற ஒரு நிம்மதி மனத்தில் உண்டாகிறது. சேலமோ மதுரையோ இன்னும் எத்தனையோ தொலைவில் இருந்தாலும் அப்படித்தான்.

அந்த எல்லைக்கோடு இன்று ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் இதே பிரதேசத்தில் வேறொரு எல்லை இருந்தது. அதற்கு இரு புறமும் பீரங்கிகள் நின்றன. ஏழே ஆண்டுகள் நிலவிய அந்த எல்லையைக் காத்த கோட்டைகளுள் ஒன்றின் அடிவாரத்தில் வளர்ந்த ஊரைப் பற்றியே இப்போது சொல்லப் போகிறேன். ஓசூரிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இராயக்கோட்டைதான் அந்த ஊர். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் இரயிலில் பிரயாணம் செய்தவர்கள் இந்தப் பெயரை நிலையத்தில் வாசித்திருப்பார்கள். வெளியே தலைதூக்கி நிற்கும் கருங்கல் குன்றையும் கண்டிருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது விளங்கினால் கோட்டை ஏன் அங்கே எழுந்தது என்பது தானே விளங்கிவிடும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டுநிலம் ஓசூர் வரையிலும், அதற்கு அப்பாலும் நீண்டு வந்து, பின்பு குன்றுகளும் சரிவுகளுமாக உடைந்து, கிருஷ்ணகிரி, தருமபுரிச் சமவெளிகளை நோக்கி இறங்குகிறது. மேலே இருப்பதைப் பாலாகாட் என்றும், கீழே இருப்பதைப் பாராமகால் என்றும் பழைய ஆட்சிப் பதிவுகள் கூறும். மேலிருந்து கீழே படை இறங்கவும், கீழிருந்து மேலே தானியம் ஏறவும் சில கணவாய்களே உண்டு. அவற்றுள் ஒன்றின் வாயிலில் உட்கார்ந்திருக்கிறது இராயக்கோட்டைக் குன்று. ‘இராயர்’ என்பது விஜயநகரத்து அரசர்களுக்கும், அவர்களுக்குக் கீழ் ஆண்ட தலைவர்கள் சிலருக்கும் வழங்கிய பட்டம். பாராமகாலை ஆண்ட ஜகதேவராயர் அத்தகைய ஒரு தலைவரே. பின்னர் இப்பகுதி மைசூரின் கைக்கு வந்தது. ஐதர் அலி, திப்பு சுல்தான் காலங்களில் கீழ்நாட்டுக்குப் படை இறங்கும் வழிகளுக்குக் காவலாக இக்கோட்டைகள் விளங்கின.

1791-ஆம் ஆண்டு. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. கும்பெனியின் தலைமை ஆளுநராகிய கார்ன்வாலிஸ் பிரபு மார்ச்சு மாதத்தில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார். மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரையிலும் போய்ச் சேர்ந்தார். ஆனால் அங்கே அவரைத் தடுத்தது திப்புவின் படை மட்டுமன்று. பசியும் மழையும் கூடத்தான். பீரங்கி இழுக்கும் மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அரிசி தீர்ந்தது. முற்றுகைக்கென்று அரும்பாடுபட்டு இழுத்துச் சென்ற பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியில் அவர் கற்றுக்கொண்ட பாடம் எளியது: சென்னைப் பக்கத்திலிருந்து அரிசி வரும் வழி தம் கையில் இராதவரையில் ஸ்ரீரங்கப்பட்டணம் தமக்குக் கிட்டாது.

ஆகவே அவர் பெங்களூருக்குத் திரும்பிய கையோடு, ஜூலை மாதத்தில் தென்கிழக்கே திரும்பினார். இன்று நம் பேருந்துகள் போகும் அதே திசை என்று சொல்லலாம். ஓசூர்க் கோட்டை பெரும் சண்டையின்றியே கிடைத்தது. அடுத்தது இராயக்கோட்டை. அங்கே கோட்டை இரண்டு: அடிவாரத்தில் ஒன்று, குன்றின் மேல் ஒன்று. மேஜர் கௌடி என்ற அதிகாரியின் படை கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மேல்கோட்டையோ, உணவும் நீரும் உள்ளவரை யாராலும் எளிதில் ஏற முடியாத இடம். ஆயினும் சில நாள்களில் அதுவும் பணிந்துவிட்டது. ஏன் பணிந்தது என்பதற்குப் பலர் பல காரணம் கூறுவர். இதே போரில் கிருஷ்ணகிரிக் குன்றின்மீது கும்பெனிப் படை நவம்பர் மாதத்தில் ஏற முயன்று தோற்றுத் திரும்பியதை நினைத்துப் பார்த்தால், இராயக்கோட்டை கிடைத்தது அவர்களுக்கு எத்தனை பெரிய அதிர்ஷ்டம் என்று தெரியும். அதற்குப் பின்பு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பணமும் அரிசியும் சாராயமும் சுமந்த யானைகளும் பொதிமாடுகளும் மேலேறி வந்தன. போரைப் பற்றி எழுதுவோர் வாள் வீச்சையே விரிவாக எழுதுகின்றனர். என் எண்ணத்தில், அந்தப் போரின் முடிவை நிச்சயித்ததில் பொதிமாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

1792 மார்ச்சில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் இராச்சியத்தில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பாராமகால் கும்பெனிக்குச் சேர்ந்தது. ஓசூர் மீண்டும் மைசூருக்கே சென்றது. இதன் பயனாக இராயக்கோட்டை கும்பெனி நாட்டின் விளிம்பில் நிற்கும் காவற்கோட்டையாயிற்று. மேற்கே சில காத தூரம் போனால் திப்புவின் சீமை.

பாராமகாலை ஆளக் கார்ன்வாலிஸ் அனுப்பியவர் ஒரு படைத்தலைவர். காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவர். அவருக்கு உதவியாக வந்த மூவருள் ஒருவர் தாமஸ் மன்றோ. சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டுமொழி தெரியாது, இராணுவத்தார் சிலருக்குத் தெரியும் என்பது இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. திருப்பத்தூரில் ரீட் இருந்தார். தருமபுரியில் மன்றோ இருந்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்து விழுந்தது. எல்லையில் படை நிற்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் உழவன் தன் நிலத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி, ஒரு கோட்டை எப்படி ஊரை உண்டாக்குகிறது என்று பார்ப்போம். குன்றின்மேல் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாள்தோறும் கேழ்வரகும் அரிசியும் வேண்டும். எனவே தானியக்காரன் அடிவாரத்தில் கடை போடுகிறான். சிப்பாயின் உடுப்பு கிழியும், செருப்பு தேயும், துப்பாக்கியின் இரும்பு பழுதுபடும். தையற்காரனும், தோல் வேலை செய்பவனும், கொல்லனும் வருகிறார்கள். துணி வெளுக்க ஒருவர், முடி திருத்த ஒருவர், மாட்டுக்குத் தீனி கொண்டுவர ஒருவர் வருகிறார்கள். மாதச் சம்பளம் கையில் வந்தவுடன் அதைக் கரைக்கச் சாராயக் கடையும் தவறாமல் வந்துவிடுகிறது. இவர்களுக்கெல்லாம் குடியிருப்பு வேண்டும். குடியிருப்புக்குக் கிணறு வேண்டும். பின்பு கோவிலும் பள்ளிவாசலும் எழாமல் இரா. கோட்டையை அடுத்து இப்படி எழும் கடைவீதிக் குடியிருப்பைப் பேட்டை என்று நம் நாட்டில் அழைத்தனர்.

இதில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய் தனி ஆளாக வருபவன் அல்லன். அவன் மனைவியும் மக்களும், சில வேளை வயது முதிர்ந்த தாயும், பட்டாளத்தின் பின்னாலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வங்காளப் பட்டாளத்துச் சிப்பாய்கள் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவது வழக்கம். சென்னைப் பட்டாளத்தின் வழக்கம் வேறு. கடல் கடந்து போரிடச் செல்ல நேர்ந்தால் மட்டும், தன் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டாருக்குச் சேர்ப்பிக்கும்படி சிப்பாய் எழுதிக் கொடுப்பான். அதற்குக் குடும்பச் சான்று என்ற ஏற்பாடு இருந்தது. மாதம் முதல் தேதியன்று ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விடும் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். குடும்பம் கூடவே வந்த காரணத்தால், பட்டாளம் நின்ற இடமெல்லாம் குழந்தைகள் பிறந்தன. அக்குழந்தைகளுக்கு அந்தக் குன்றடிதான் சொந்த ஊர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. உரோமானியர் பிரிட்டனில் எல்லைக் காவலுக்காக அமைத்த பாசறைகளே பின்னர் ஊர்களாயின. அவர்கள் மொழியில் பாசறையைக் குறித்த சொல்தான் மாஞ்செஸ்டர், லங்காஸ்டர் என்ற பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். பாளையம் என்பதும் படை தங்கிய இடமே. பெங்களூரின் கண்டோன்மெண்டு நிலையத்தைக் கன்னடத்தில் ‘தண்டு’ என்கிறார்கள். அதன் பொருளும் படையே.

இராயக்கோட்டையின் பெரிய நாள் 1799-இல் வந்தது. வேலூரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் பெருஞ்சேனை, மார்ச்சு மாதத் தொடக்கத்தில் இந்த எல்லையருகே பாளையமிறங்கி, பின்பு மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தது. அதே ஆண்டு மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். ஓசூரும் கும்பெனி வசமாயிற்று. இராயக்கோட்டைக்கு மேற்கே காவல் காக்க எந்தப் பகைவனும் இல்லாமற் போனான்.

எல்லை நகர்ந்தது; அதன் பின்னால் படையும் நகர்ந்தது. முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிற்று. அங்கே காய்ச்சல் வாட்டவே, 1809-ஐ ஒட்டிப் பெங்களூருக்கு மாறி, அல்சூர் ஏரிப் பக்கத்தில் கூடாரமடித்தது. அந்தக் கண்டோன்மெண்டோடு தமிழர் ஏராளமாகப் பெங்களூருக்கு வந்தனர்: சிப்பாய்கள், கொத்தர்கள், கடைக்காரர்கள், சமையற்காரர்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. (தமிழ் அப்போதுதான் முதன்முதலாகப் பெங்களூருக்கு வந்தது என்று எண்ண வேண்டாம். ஓசூர்ச் சாலையிலேயே, மடிவாளம் சோமேசுவரர் கோவிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது.)

இவ்வாறாக, பெங்களூர்த் தண்டு மாநகரத்தில் கரைந்தது. இராயக்கோட்டையோ கிராமமாகவே தங்கிவிட்டது. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலை கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியே ஓசூருக்கு ஏறிவிட்டது. இராயக்கோட்டை ஒதுங்கிப் போயிற்று. தருமபுரியிலிருந்து ஓசூர் வரை 1913-இல் ஒரு குறுகிய இரயில்பாதை போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அதையும் மூடிவிட்டார்கள். சேலம் பெங்களூர்ப் பாதை பிறகே வந்தது. படை போன பின்பும் ஊர் கலையவில்லை என்பதே வியப்பு. மேட்டுநிலத்துக் கேழ்வரகும், அதைக் கொண்டுவந்து விற்கும் சந்தையும், குளிர்ந்த காற்றும் மக்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீதியில் கேட்கும். ஒரே மனிதர் கடையில் ஒரு மொழியும், வீட்டில் ஒரு மொழியும், வழக்குமன்றத்தில் ஒரு மொழியும் பேசுவார். சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர், 1965-இல் தருமபுரி மாவட்டத்தையும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சேர்ந்தது. யாரும் வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்போர்க்கு இதைச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. 1978-இல் கர்நாடக மாநில மின்னணு வளர்ச்சிக் கழகம், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், 332 ஏக்கரில் அந்தத் தொழில் நகரைத் தொடங்கியபோது, அங்கே கோணப்பன அக்ரகாரம், தொட்டத்தோகூர் என்ற கிராமங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் இன்று பல மாநிலத்தவர் வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தவரைக் கேட்டாலும், ‘என் ஊர் விருதுநகர்’ என்பார். நியாயமே. ஆனால் அவருடைய மகள் அங்கே பிறந்து, அங்கே பள்ளிக்குப் போய், தெருவில் கன்னடம் பேசி வளர்கிறாள். அவளிடம் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால் என்ன சொல்வாள்? இராயக்கோட்டைப் பேட்டையில் பிறந்த சிப்பாயின் பிள்ளையிடமும் யாரேனும் இதைக் கேட்டிருப்பார்கள். தந்தை தஞ்சாவூர் என்றோ வேலூர் என்றோ சொல்லியிருப்பான். பிள்ளை குன்றைக் காட்டியிருக்கும்.

இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. காலை வேளையில் ஏறுவது நலம்; வெயில் ஏறினால் பாறை சுடும். குடிக்க நீர் கொண்டுபோக வேண்டும். மேலே சிதைந்த மதிலும், மழைநீர் தேங்கும் பாறைப் பள்ளங்களும் உண்டு. அங்கிருந்து ஒரு புறம் பார்த்தால் மேட்டுநிலம், மறுபுறம் இறங்கிச் செல்லும் பாராமகால். கீழே தக்காளி மண்டிக்குக் கூடைகள் வந்து இறங்கும். பொதிமாடுகள் அரிசி சுமந்து ஏறிய இந்தச் சரிவுகளில் இன்று தக்காளி ஏற்றிய லாரிகள் மேலும் கீழும் போகின்றன. அவற்றுள் ஓசூர்ப் பக்கம் திரும்பும் வண்டிகளின் பெட்டிகளில் சில, எலெக்ட்ரானிக் சிட்டியின் ஏதோ ஓர் உணவுவிடுதியில் மறுநாள் காலை இரசமாகும்.