பிரவுசரைத் திறந்ததும் கேட்காத தளம் வருகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "குரோமைத் திறந்தால் பெயரே தெரியாத ஒரு தேடல் தளம் வருகிறது சார். மூடிவிட்டுத் திறந்தாலும் அதுவே வந்து நிற்கிறது. வைரஸா?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிடும். "பேசாமல் ஃபார்மட் செய்துவிடலாமா?"

வேண்டாம். இந்தச் சின்னத் தொல்லைக்காக ஃபார்மட் செய்து, பேக்கப் எடுக்காமல் குழந்தைகளின் போட்டோக்களை எல்லாம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதைவிட வேடிக்கை, ஃபார்மட் செய்த பிறகும் அந்தத் தளம் திரும்பி வரக்கூடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தத் தளம் தானாக வரவில்லை. நீங்கள் இலவசமாக டவுண்லோட் செய்த ஏதோ ஒரு புரோகிராமோ, பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷனோ அதைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தப் பக்கத்தில் நீங்கள் தேடும்போதும், விளம்பரத்தைக் கிளிக் செய்யும்போதும் யாரோ ஒருவருக்குப் பணம் போகிறது. இது பழைய தொழில்தான். 2003-ம் ஆண்டிலேயே கூல்வெப்சர்ச் என்ற புரோகிராம் இண்டர்நெட் எக்ஸ்புளோரரின் முகப்புப் பக்கத்தை மாற்றிப் பலரைப் படாதபாடு படுத்தியது. எக்ஸ்புளோரர் 11-க்கு மைக்ரோசாப்ட் 2022 ஜூனில் விடை கொடுத்துவிட்டது. இந்தத் தொழில் மட்டும் போகவில்லை.

தொல்லை என்பதோடு இது முடிந்தால் பரவாயில்லை. உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அந்தப் பக்கத்தில் தேடினால், மேலே வந்து நிற்பது காசு கொடுத்தவரின் விளம்பரம். அதில் உள்ள எண் வங்கியுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. எனவே இதைச் சரிசெய்யும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பக்கம் போகாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, செட்டிங்ஸ் சென்று, இடது பக்கம் ஆன் ஸ்டார்ட்டப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வாய்ப்புகள் தெரியும். மூன்றாவதில் நீங்கள் கொடுக்காத முகவரி இருந்தால் அதை நீக்கிவிட்டு, முதலாவதான நியூ டேப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே சர்ச் எஞ்சின் என்ற பகுதியையும் பாருங்கள். எட்ஜ் பிரவுசரிலும் செட்டிங்ஸில் ஸ்டார்ட், ஹோம் என்று தொடங்கும் பிரிவில் இதே வசதி உள்ளது. ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸின் ஹோம் பிரிவைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் அந்தத் தளம் மறுபடி வந்ததும் "நான் மாற்றிப் பார்த்தேன், போகவில்லை" என்கிறார்கள். செட்டிங்ஸ் சரியாக இருந்தும் தளம் வருகிறதென்றால் நான் அடுத்து பார்ப்பது ஷார்ட்கட்டை.

நீங்கள் கிளிக் செய்யும் குரோம் ஐகான் என்பது குரோம் புரோகிராம் அல்ல. அது எங்கே இருக்கிறது என்று காட்டும் கைகாட்டி மரம். அந்த ஐகான் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, ஷார்ட்கட் டேபில் டார்கெட் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஐகான் டாஸ்க்பாரில் இருந்தால், ரைட் கிளிக் செய்ததும் வரும் பட்டியலில் குரோம் பெயர் மீது மறுபடி ரைட் கிளிக் செய்ய வேண்டும். டார்கெட் கட்டத்தில் உள்ள வரி, குரோம் டாட் இஎக்ஸ்இ என்ற ஃபைல் பெயரிலும் அதை அடுத்த மேற்கோள் குறியிலும் முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஹெச்டிடிபி என்று தொடங்கும் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், ஆசாமி அகப்பட்டுவிட்டார். அந்த முகவரியை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். ப்ரொஃபைல் டைரக்டரி என்று இரண்டு சிறு கோடுகளுடன் தொடங்கும் சொற்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், அவை குரோம் தன் வசதிக்காக வைத்துக்கொள்பவை. டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி ஷார்ட்கட் இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். பட்டியலைத் திறந்து, எதற்கென்று உங்களுக்கே தெரியாத எதையும் ரிமூவ் செய்யுங்கள். பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், கூப்பன் தேடித் தருகிறேன் என்று வருபவற்றின் மீது எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, புரோகிராம்களை இன்ஸ்டால் செய்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்ன வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இப்போது ஃபார்மட் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடையில் இருமுறை ஃபார்மட் செய்து காசு கொடுத்தார். இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து தன் கூகுள் கணக்கில் நுழைந்ததும் பழைய தளம் வந்து நின்றது. காரணம் சிங்க் வசதி. நம் புக்மார்க்குகளைப் போலவே, எக்ஸ்டென்ஷன்களையும் ஸ்டார்ட்டப் பக்கத்தையும் குரோம் கணக்கோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. புதிய கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் அவை பின்னாலேயே வரும். எனவே கணக்கில் இருக்கும்போதே அந்த எக்ஸ்டென்ஷனை ரிமூவ் செய்ய வேண்டும். அப்போதுதான் நீக்கிய செய்தியும் கணக்கில் பதிவாகும். ஆசிரியருக்கு இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கடைக்குக் கொடுத்த காசுதான் திரும்பவில்லை.

பிரவுசரை நீங்கள் தொடாமலேயே, விண்டோஸ் தொடங்கியதும் ஒரு தளம் திறக்கிறதா? அப்படியென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பகுதியைப் பாருங்கள். சந்தேகமானதை டிசேபிள் செய்யலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை திறந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் யாரோ வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஆக்‌ஷன்ஸ் டேபில் பிரவுசரும் ஒரு இணைய முகவரியும் சேர்ந்து தெரியும் டாஸ்க்கை நீக்குங்கள். ஆனால் நேற்று நீங்களே பார்த்த பக்கங்கள்தான் திறக்கின்றன என்றால் அது யாருடைய சதியும் அல்ல. விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் சென்று, ஆப்ஸ்களைத் தானாக மறுபடி தொடங்கும் வசதியை நிறுத்தினால் போதும்.

எதற்கும் மசியவில்லையா? குரோம் செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் உள்ளது. இது ஸ்டார்ட்டப் பக்கம், சர்ச் எஞ்சின் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி வைக்கும். குக்கீகள் போய்விடுவதால் தளங்களில் மறுபடி லாகின் செய்ய நேரிடும். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே இருக்கும். பழைய குறிப்புகளில் குரோமிலேயே உள்ள கிளீன்-அப் வசதியைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். அதை 2023-ல் கூகுள் எடுத்துவிட்டது, தேட வேண்டாம். அதற்குப் பதில் விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

குரோமின் மூன்று புள்ளி மெனுவின் கீழே, உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் மட்டும் கவனம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது சரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஏன்? சில ஆன்டிவைரஸ் புரோகிராம்களாலும் அந்த வரி வரும். அப்படி எதுவும் இல்லை என்றால், நீங்கள் மாற்ற முடியாதபடி ரெஜிஸ்ட்ரியில் யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள். புதியவர்கள் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம். விவரம் தெரிந்தவரிடம், குரோம் பாலிசியை நீக்க வேண்டும் என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். ஃபார்மட் என்று அவர் தொடங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்த முறை எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டாமல், கஸ்டம் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கூட வரும் விருந்தாளிகளுக்கான டிக் குறிகள் அந்தப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.